பொய்ச் சண்டைக்கு எதற்கு நடுவர்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் மல்யுத்தப் பேச்சு ஓடியது. ஹல்க் ஹோகன் பெரிய ஆளா, அண்டர்டேக்கர் பெரிய ஆளா என்று நாற்பது வயதைத் தாண்டிய பிள்ளைகள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. நடுவில் ஒருவன் என்னைப் பிடித்து இழுத்தான். "அது எல்லாமே முன்னாடியே பேசி வச்சுக்கிட்டுப் போடுற சண்டை டீச்சர். யாரு ஜெயிக்கணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் மேடை ஏறுவாங்க. அப்புறம் சட்டை போட்டுக்கிட்டு நடுவர்னு ஒருத்தர் எதுக்கு?" என்று கேட்டான்.

கிண்டலுக்குக் கேட்டதுதான். ஆனாலும் நல்ல கேள்வி. நல்ல கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை என்று உங்களுக்கே தெரியும். குழுவில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டீச்சருக்கு மல்யுத்தம் எப்படித் தெரியும் என்று சொந்தங்களில் சிலர் யோசிப்பீர்கள். தொண்ணூறுகளில் வகுப்பு எடுத்த யாரைக் கேட்டாலும் தெரியும். பையன்கள் பென்சில் டப்பாவுக்குள் ரப்பர் இருக்கிறதோ இல்லையோ, மல்யுத்த வீரர்களின் படம் போட்ட சீட்டுக்கட்டு இருக்கும். உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று ஒவ்வொரு சீட்டிலும் அச்சடித்திருக்கும். பெரிய எண் வைத்திருப்பவன் மற்றவன் சீட்டை வாங்கிக்கொள்வான். வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறிய பையன் யோகோசுனாவின் எடையை மூச்சு விடாமல் சொல்வான். நானும் அந்தச் சீட்டுகளை வைத்தே பெரிய எண், சிறிய எண் பாடம் நடத்தியிருக்கிறேன். என் கண்ணில் பட்ட அத்தனை கட்டுகளிலும் நடுவருக்கென்று ஒரு சீட்டு கிடையாது. யாருக்கும் அது வேண்டவும் வேண்டாம்.

ஓய்வு பெற்ற பிறகு கையில் நேரமும் போனும் இருக்கிறது. பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். வீரர்களைவிட நடுவர்களையே என் கண் தேடியது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளின் சண்டைகளுக்கு நடுவில் நின்றவள் இல்லையா, அதனால் இருக்கலாம். அப்படிப் பார்த்ததில் மனதில் தங்கிவிட்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் டேனி டேவிஸ்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 'நைட்மேர்' டேனி டேவிஸ் என்று இன்னொரு மல்யுத்த வீரரும் உண்டு. இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது 1980களில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தில் இருந்தவர். இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.தான் அது. 2002-இல் பெயர் மாறியது.

டேனி டேவிஸ் மல்யுத்தம் கற்றுக்கொண்டு வந்தவர். ஆனால் அந்த உலகத்தில் அவர் உடம்பு சின்ன உடம்பு. ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே த ஜயன்ட்டும் நிற்கிற மேடையில் இவரை யார் நட்சத்திரமாக்குவார்கள்? முகமூடி போட்டு 'மிஸ்டர் எக்ஸ்' என்ற பெயரில் இறக்கினார்கள். அந்த வேலையை அவர்கள் தொழிலில் 'ஜாபர்' என்பார்கள். பெரிய வீரர் பெரிய வீரராகத் தெரிய வேண்டுமானால் எதிரில் ஒருவர் அடி வாங்கித் தோற்க வேண்டும். அப்படித் தோற்பதற்கென்றே இருக்கிற ஆள். முகமும் வெளியே தெரியாது, பெயரும் தெரியாது.

அதே காலத்தில், முகமூடியைக் கழற்றிவிட்டு நடுவர் சட்டையும் போட்டார். ஆனால் சட்டையை மாற்றியதால் கற்ற வித்தை வீணாகிவிடவில்லை. இங்கேதான் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தில் நடுவர் என்ன செய்கிறார்? பார்க்கிறவர்களுக்கு அவர் தரையில் மூன்று முறை தட்டுகிற ஆள். கயிற்றைப் பிடித்தவனை விடச் சொல்லி ஐந்து எண்ணுகிற ஆள். மேடையை விட்டு வெளியே போனவனுக்குப் பத்து எண்ணுகிற ஆள். உண்மையில் அவர் பார்க்கிற வேலை வேறு. இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்று வீரர்களுக்குச் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் ஏதாவது மாற்றினால் அதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இப்போது அதற்குக் காதில் சின்னதாக ஒரு கருவி இருக்கிறது. அந்தக் காலத்தில் அதுவும் இல்லை, எல்லாம் மனக்கணக்குதான். ஒருவனிடம் இன்னொருவன் சொல்ல வேண்டியதை, கையைச் சோதிப்பது போலக் குனிந்து காதில் போட வேண்டும். பத்தாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உதடு அசைவது தெரியக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. முடிவுதான் பேசி வைத்தது, விழுகிற விழுகை நிஜம். நூற்றிருபது கிலோ ஆளைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் பூமி அவனுக்காக ஒன்றும் மெத்தையாகிவிடாது. விழுந்தவன் வலிப்பது போல நடிக்கிறானா, நிஜமாகவே அடிபட்டுவிட்டதா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் நடுவர். பக்கத்தில் போய்க் கையைப் பிடிப்பார். அவன் திருப்பி அழுத்தினால் பயமில்லை. நிஜமான அடி என்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி போல வைத்துக் காட்டுவார். மருத்துவர் ஓடி வருவார். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்தால், விளையாட்டுக்கு அழுகிறதா வலித்து அழுகிறதா என்று தூரத்திலிருந்தே டீச்சருக்குத் தெரியும். தெரியாவிட்டால் அந்த டீச்சரிடம் பிள்ளைகளை விடக் கூடாது. இதுவும் அதே கண்தான்.

அந்தக் கண் யாருக்கு இருக்கும்? தானே விழுந்து பார்த்தவனுக்கு இருக்கும். மிஸ்டர் எக்ஸாக டேனி டேவிஸ் விழுந்த ஒவ்வொரு விழுகையும் இந்த வேலைக்கு அவர் எடுத்துக்கொண்ட பயிற்சி என்றுதான் நான் சொல்வேன்.

இனி கதைக்கு வருவோம். 1985, 86 வாக்கில் நிறுவனம் அவருக்கு ஒரு புது வேஷம் கொடுத்தது. ஒருதலைப்பட்சமான நடுவர். வில்லன்கள் செய்கிற தப்பு அவர் கண்ணில் படாது. நல்லவன் ஜெயிக்கப் போகும்போது எண்ணிக்கை மெதுவாகும். 1986 பிப்ரவரி 8-ஆம் தேதி பாஸ்டன் கார்டன் அரங்கில் டீட்டோ சன்டானாவை ராண்டி சாவேஜ் தோற்கடித்து இன்டர்கான்டினென்டல் பட்டத்தை எடுத்தார். சாவேஜ் கையில் ஒளித்து வைத்திருந்த பொருளால் அடித்துத்தான் ஜெயித்தார். அன்றைய நடுவர் டேனி டேவிஸ்.

ஒரு வருடம் கழித்து 1987 ஜனவரியில், ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் பிரிட்டிஷ் புல்டாக்ஸ் ஜோடிக்கும் ஹார்ட் ஃபவுண்டேஷன் ஜோடிக்கும் இரட்டையர் பட்டத்துக்கான ஆட்டம். பிப்ரவரியில் அது தொலைக்காட்சியில் வந்தது. புல்டாக்ஸ் என்றால் டைனமைட் கிட், டேவி பாய் ஸ்மித் என்ற இரண்டு பேர். எதிர்ப்பக்கம் பிரெட் ஹார்ட்டும் ஜிம் நைட்ஹார்ட்டும். ஆரம்பத்திலேயே டைனமைட் கிட் மேடைக்கு வெளியே விழுந்துவிடுகிறார். நடுவர் டேவிஸ் அவரைக் கவனிக்கிற சாக்கில் வெளியே பார்த்துக்கொண்டே இருக்கிறார். உள்ளே இரண்டு பேரும் சேர்ந்து டேவி பாய் ஸ்மித்தைப் போட்டு அடிக்கிறார்கள். பட்டம் கை மாறுகிறது. கூட்டம் கொதித்துப் போகிறது.

யார் மேல் கோபம் என்று பார்த்தால், அடித்தவர்கள் மேல் இருந்ததைவிட நடுவர் மேல்தான் அதிகம். இது எனக்குப் புதிதாக இல்லை. வகுப்பில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதினால் மற்ற பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டீச்சர் ஒரு பிள்ளைக்கு மட்டும் அரை மதிப்பெண் கூடப் போட்டுவிட்டால் வகுப்பே பேசும். "பார்ஷியாலிட்டி" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள்கூட அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் பயன்படுத்துவார்கள். திருடன் திருடுவான் என்று ஊருக்குத் தெரியும். வேலியே பயிரை மேய்ந்தால்தான் ஊர் தாங்காது. கோவலனை விசாரிக்காமல் தண்டித்தது தெரிந்ததும் பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிரை விட்டான் என்று சிலப்பதிகாரத்தில் நாம் படித்தோமே, அந்தக் கதை இத்தனை நூற்றாண்டு நிற்பதற்கும் இதுதான் காரணம். தப்பு செய்தவனைவிடத் தப்பாகத் தீர்ப்புச் சொன்னவன்தான் நம் மனதை உறுத்துகிறான்.

முடிவு பேசி வைத்ததுதான் என்று தெரிந்தவர்களுக்கும் டேவிஸ் மேல் கோபம் வந்தது என்பதைக் கவனியுங்கள். சண்டை பொய்யாக இருக்கலாம். நியாயம் வேண்டும் என்று பார்க்கிறவன் மனதில் இருக்கிற ஆசை பொய் இல்லை. அந்த ஆசையை மேடையில் தாங்கி நிற்பவர் நடுவர். அவர் இல்லாவிட்டால் அது இரண்டு பேர் கட்டிப் புரளுகிற காட்சி மட்டும்தான். விதி என்று ஒன்று இருந்தால்தானே விதிமீறல் என்று ஒன்று இருக்கும்?

ஆனால் அந்த டாம்பா ஆட்டத்தில் கூட்டத்துக்குத் தெரியாத இன்னொரு விஷயம் இருந்தது. இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான்.

டைனமைட் கிட்டுக்கு அன்று நிஜமாகவே நடக்க முடியாது. 1986 டிசம்பரில் கனடாவில் ஹாமில்டன் நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில் அவர் முதுகுத்தண்டின் வட்டுகள் சிதைந்துவிட்டன. அறுவை சிகிச்சை நடந்தது. மல்யுத்தத்தையே விட்டுவிடச் சொன்னார்கள். ஆனால் பட்டம் அவர்கள் ஜோடியிடம் இருந்தது. அதை மேடையில் வைத்துத்தான் இன்னொரு ஜோடிக்கு மாற்ற வேண்டும் என்பது தொழில் வழக்கம். அதற்காகவே வந்தார். ஜோடிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மேடை வரைக்கும் வந்தார். பழைய காட்சியைப் பார்த்தால் இப்போதும் தெரியும்.

இப்போது நடுவரை மறுபடியும் பாருங்கள். வெளியே விழுந்து கிடந்தவர் பக்கமே அவர் பார்வை இருந்தது என்று சொன்னேனே. கதைப்படி அது வஞ்சகம். நிஜத்தில், எழுந்து நிற்க முடியாத ஒருவரைச் சண்டை போட வைக்காமல் அந்த ஆட்டத்தை நடத்தி முடிக்க அந்த வஞ்சகக் கதைதான் உதவியது. கூட்டத்தின் கண்ணும் கோபமும் நடுவர் மேல் போய்விட்டதால், ஒருவர் ஏன் ஆடவே இல்லை என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரு மனிதனின் உடைந்த முதுகை இன்னொரு மனிதனின் கெட்ட பெயர் மூடி மறைத்தது. அந்தக் கெட்ட பெயரை டேவிஸ் சுமந்தார்.

இதற்காக நான் அந்தத் தொழிலைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டியவரை மேடைக்கு வரவிட்டதே தவறு. பட்டத்தை வேறு வழியில் மாற்றியிருக்கலாம். ஒரு அறிவிப்பு போதும். மேடைக்குள்ளே நிற்கிற நடுவருக்கு ஆட்டத்தை நிறுத்துகிற உரிமை உண்டு, ஆனால் மேடைக்கு வெளியே நிறுவனத்தை நிறுத்த அன்று யாரும் இல்லை. டைனமைட் கிட் அதன் பிறகும் பல வருடம் ஆடினார். கடைசிக் காலம் சக்கர நாற்காலியில் கழிந்தது. 2018 டிசம்பர் 5-ஆம் தேதி, தன்னுடைய அறுபதாவது பிறந்த நாளில் இறந்தார். அவருடைய ஜோடிக்காரர் டேவி பாய் ஸ்மித் அதற்கும் முன்பே, 2002-இல், முப்பத்தொன்பது வயதில் போய்விட்டார். சீட்டில் உயரமும் எடையும் அச்சடித்தார்கள். எத்தனை வயது வரை இருப்பார்கள் என்று யாரும் அச்சடிக்கவில்லை.

டேவிஸ் கதைக்குத் திரும்புவோம். கதைப்படி நிறுவனத்தின் தலைவராக வந்த ஜாக் டன்னி அவரை நடுவர் வேலையிலிருந்து நீக்கினார். எவ்வளவு காலத்துக்குத் தெரியுமா? "ஆயுள் முழுவதும், அதற்கு மேல் பத்து வருடம்" என்று. படித்தபோது சிரித்துவிட்டேன். கணக்கு டீச்சரிடம் சொல்கிற கணக்கா இது!

நடுவர் வேலை போனதும் அவர் மறுபடியும் மல்யுத்த வீரர் ஆனார். இந்த முறை முகமூடி இல்லை, சொந்த முகம், சொந்தப் பெயர். 1987 மார்ச் 29, மிஷிகன் மாநிலம் பான்டியாக் நகரின் சில்வர்டோம் அரங்கம், மூன்றாவது ரெசில்மேனியா. 93,173 பேர் வந்ததாக அறிவித்தார்கள். ஹோகனும் ஆந்த்ரேயும் மோதிய அதே நிகழ்ச்சி. அதில் ஹார்ட் ஃபவுண்டேஷனோடு மூன்றாவது ஆளாக டேனி டேவிஸ் இறங்கினார். எதிரில் புல்டாக்ஸும் டீட்டோ சன்டானாவும், அதாவது இவரால் பட்டம் இழந்த மூன்று பேரும். ஆட்டம் முழுக்க மூன்று பேரும் மாறி மாறி இவரை அடிக்க, கூட்டம் ஆசை தீரப் பார்த்தது. கடைசியில் மேலாளர் ஜிம்மி ஹார்ட்டின் ஒலிபெருக்கிக் குழாயால் டேவி பாய் ஸ்மித்தை அடித்துவிட்டு டேவிஸே ஜெயித்தார். ஒரு காலத்தில் முகமே தெரியாமல் தோற்றுக்கொண்டிருந்தவருக்கு அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன்னால் ஒரு வெற்றி.

அதற்கு மேல் மேலே போகவில்லை. ஒன்றிரண்டு வருடம் ஆடினார், பெரும்பாலும் தோற்றார். கோபம் என்பது சீக்கிரம் ஆறிப்போகிற பண்டம், அதை வைத்து ரொம்ப நாள் கடை நடத்த முடியாது. 1980களின் கடைசியில் அவரை மறுபடியும் நடுவராக்கினார்கள். ஆயுளும் பத்து வருடமும் இரண்டே வருடத்தில் முடிந்துவிட்டது! அதன் பிறகு தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை நடுவராகவே இருந்தார். வஞ்சகம் இல்லை, கதையில் பங்கும் இல்லை. கணக்காக எண்ணிவிட்டு ஒதுங்கி நிற்கிற சாதாரண நடுவர். நீங்கள் சீட்டு விளையாடிய காலத்தில் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் கவனித்திருக்க மாட்டீர்கள். கவனிக்காமல் இருந்தால்தான் அவர் வேலையைச் சரியாகச் செய்தார் என்று அர்த்தம்.

என் கருத்தைச் சொல்கிறேன். அவர் வாழ்க்கையில் எது உச்சம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ரெசில்மேனியா என்பீர்கள். நான் அதற்குப் பிறகு வந்த அந்தச் சாதாரண வருடங்களைத்தான் சொல்வேன். தொண்ணூறாயிரம் பேர் முன்னால் நின்று ஜெயித்துப் பார்த்த மனிதர், மறுபடியும் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்தவன் கையைத் தூக்கிவிட வந்தார் பாருங்கள், அதற்கு மனதில் பலம் வேண்டும். பத்து எண்ணுவது எளிது. தன்னை எண்ணாமல் இருப்பது கடினம்.

இந்த வேலை ஒரு நொடி பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. நிக் பேட்ரிக் என்று ஒரு நடுவர். இவரும் மல்யுத்த வீரராக இருந்து, அடிபட்டபின் நடுவரானவர்தான். இவருடைய அப்பா ஜோடி ஹாமில்டன் 'அசாசின்' என்ற பெயரில் முகமூடி வீரராகப் புகழ்பெற்றவர். 1997 டிசம்பர் 28, வாஷிங்டனில் ஸ்டார்கேட் என்ற நிகழ்ச்சி. ஹோகனுக்கும் ஸ்டிங்குக்கும் ஆட்டம். ஒரு வருடத்துக்கு மேல் கட்டி வளர்த்த கதை. நடுவர் வேகவேகமாக மூன்று எண்ணி ஸ்டிங்கை ஏமாற்ற வேண்டும், பிரெட் ஹார்ட் வந்து அதைத் தட்டிக் கேட்க வேண்டும், இதுதான் ஏற்பாடு. ஆனால் பேட்ரிக் எண்ணியது சாதாரண வேகத்தில். பிரெட் ஹார்ட் வந்து அநியாயம் என்கிறார். என்ன அநியாயம் என்று கூட்டத்துக்குப் புரியவில்லை. ஏன் அப்படி எண்ணினார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. வருடக்கணக்கில் பல பேர் உழைத்த கதை, தரையில் மூன்று தட்டுகளில் சொதப்பிப் போனது. நடுவர் எதற்கு என்று கேட்ட பிள்ளை இந்த ஆட்டத்தைத் தேடிப் பார்க்கட்டும்.

ஜப்பானில் ஜோ ஹிகுச்சி என்று ஒருவர் இருந்தார். 1950களில் மல்யுத்தம் ஆடிவிட்டு நடுவரானவர். ஆல் ஜப்பான் நிறுவனத்தில் பல காலம் நடுவராக இருந்து 1997-இல் ஓய்வு பெற்றார், 2010-இல் காலமானார். வெளிநாட்டிலிருந்து வருகிற வீரர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் அவரே, கூடமாட இருந்து பார்த்துக்கொள்பவரும் அவரே. இவர் ஆடிய ஆட்டங்கள் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? ஆனால் நடுவர் என்றால் அந்த நாட்டு ரசிகர்களுக்கு இவர் முகம்தான் நினைவு வரும். நம் காலத்தில் ஜெசிகா கார் என்ற பெண், சின்னச் சின்ன அரங்குகளில் மல்யுத்தம் ஆடிவிட்டு, 2017-இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யில் நடுவராகச் சேர்ந்து இன்று பெரிய ஆட்டங்களை நடத்துகிறார். இவர்கள் யாரும் தோற்றுப்போய் நடுவரானவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரிந்த தொழிலின் இன்னொரு வாசலைத் திறந்துகொண்டவர்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், உங்களில் இரண்டு பேருக்காக. பெயர் சொல்ல மாட்டேன்.

ஒருத்தி கோ-கோ ஆட்டத்தில் மாவட்ட அணி வரைக்கும் போனவள். முழங்காலில் அடிபட்டது. கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகு தேர்வு எழுதி நடுவராகி, பள்ளி மாணவிகளின் ஆட்டங்களுக்குப் போகிறாள். வீட்டு விசேஷத்தில் ஒருவர் அவளைப் பார்த்து, "ஆடிக்கிட்டிருந்த பொண்ணு, இப்போ விசில் ஊதிக்கிட்டிருக்கியாமே?" என்று கேட்டிருக்கிறார். போனில் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு சரியாக இல்லை.

இன்னொருவன் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் மேற்பார்வையாளர். ஆட்குறைப்பில் வேலை போனது. இப்போது வேறு ஓர் இடத்தில், புதிதாகச் சேருகிற பையன்களுக்கு இயந்திரத்தில் கை போகாமல் எப்படி வேலை செய்வது என்று சொல்லிக் கொடுக்கிறான். சம்பளம் பழையதில் பாதி. மே மாதம் நாம் எல்லோரும் கூடினோமே, அதற்கு வரவில்லை. "இப்போ என்ன பண்றேன்னு கேப்பாங்க டீச்சர். வர மனசு வரல" என்றான்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்னிடம் பயிற்சி எடுக்கிற பையன்களில் எத்தனை பேருக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கிறதோ, அதுதான் உன் சம்பளச் சீட்டு. பதினெட்டு வருடம் இயந்திரத்தோடு நின்றதால்தான் எந்தச் சத்தம் ஆபத்து என்று உனக்குத் தெரிகிறது. அதைப் புத்தகம் படித்து யாராலும் சொல்லித் தர முடியாது. சம்பளம் குறைந்தது கஷ்டம்தான், அதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் உன் கௌரவத்தைப் பார்த்துக் குறையாது. ஆனால் கஷ்டம் வேறு, கேவலம் வேறு. கஷ்டத்தைச் சொல்லி உதவி கேட்கலாம், கேட்க வேண்டும். கேவலம் என்று நினைத்து ஒளிந்துகொள்ள இதில் எதுவுமே இல்லை.

அம்மா, உனக்கும் ஒரு வார்த்தை. நீ விசில் ஊதுகிற மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளில் எவளுக்கு முழங்கால் தாங்காது என்று உனக்கு முன்கூட்டியே தெரியும். உனக்கு அன்று அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அவர்களுக்கு நீ இருக்கிறாய். அடுத்த முறை யாராவது கேட்டால், "ஆமா, விசில் என் கையிலதான் இருக்கு" என்று சொல்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவரைப் பார்த்ததும் "இப்போ என்ன பண்றே?" என்று கேட்கிறோம். கேட்பதில் தப்பில்லை. பதில் வந்ததும் முகத்தில் ஒரு கணக்குப் போடுகிறோம் பாருங்கள், ஏறியிருக்கிறானா இறங்கியிருக்கிறானா என்று, அதைத்தான் நிறுத்த வேண்டும். எதிரில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு அப்படியே தெரிகிறது. சின்ன வயதில் சீட்டைப் பார்த்து எண்ணை ஒப்பிட்டோம், சரி. நாற்பது வயதுக்கு மேல் மனிதர்களை வைத்து அந்த விளையாட்டு வேண்டாம். வேலை எது என்று கேட்டுவிட்டு, அந்த வேலையில் என்ன கஷ்டம், என்ன சாமர்த்தியம் என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்.

அடுத்த சந்திப்பு பொங்கல் விடுமுறையில் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லோரும் வர வேண்டும். வராதவர்கள் வீட்டுக்கு நானே ஆட்டோ பிடித்து வருவேன், வயதைப் பார்க்க மாட்டேன். ஹோகனா அண்டர்டேக்கரா என்ற சண்டையை அங்கே நேரில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு நான்தான் நடுவர். எண்ணிக்கையில் பார்ஷியாலிட்டி இருக்காது.

படித்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். எழுத்துப் பிழையோடு எழுதினால் மட்டும் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்